கம்பி மத்தாப்பும் குண்டு எழுத்தும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். பதில் இல்லாமல் இல்லை. சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது, புரிந்த மீதிப் பேர் இதற்கெல்லாமா ஒரு ஆள் என்று பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெயர் எவ்வளவு அகலம் வரும் என்று அளந்து, அந்த அகலத்துக்கு அதைச் சுற்றி ஒரு கட்டம் போடுகிற புரோகிராம் எழுதுவதிலேயே என் ஆயுளில் கணிசமான பகுதி கழிந்திருக்கிறது. என் அக்கா இதை ஒரே வரியில் சொல்லிவிடுவாள். "எந்தம்பி எளுத்துக்குச் சட்டை தைக்கான்." கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவளைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் போடுகிற ஷெட்டில் இருக்கிறாள். தீபாவளிக்குக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், ஒரே பெட்டிக்குள் பூச்சட்டி, தரைச்சக்கரம், சாட்டை, பென்சில், பாம்பு மாத்திரை என்று இருபது முப்பது சாமான் அடுக்கியிருக்கும். அந்தப் பெட்டியை நிரப்பப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு முன்னால் ஒன்றோ இரண்டோ சாமான் குவிந்து கிடக்கும். காலிப் பெட்டி ஒரு முனையில் புறப்படும். ஒவ்வொருத்தியும் தன் பங்கைப் போட்டு அடுத்தவளுக்குத் தள்ளுவாள். மறுமுனைக்கு அது நிறைந்து போய்ச் சேரும். வரிசையின் தலைப்பில் நிற்கிறவள்தான் லைன் அக்கா. எந்தப் பெட்டிக்கு என்னென்ன, எத்தனை என்று உரக்கச் சொல்லி முதல் பத்துப் பெட்டியை அவள் ஓட்டிவிட வேண்டும். பிறகு வரிசை தானாக ஓடும். பதினோரு வருஷமாக அந்த இடத்தில் நின்றவள் என் அக்கா.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தக் கம்பெனியில் ஆபீஸ் அறையைத் தாண்டிக் கரண்ட் கிடையாது. வெடிமருந்து இருக்கிற இடம், வயரே ஆபீஸை அடுத்த இரும்பு கேட்டோடு நின்றுவிடும். செல்போன், தீப்பெட்டி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் கேட்டில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க அங்கே பதித்திருக்கும் செம்புத் தகட்டை ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே லிஸ்ட் என்பது அக்காவுக்குக் கேட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்து, தலையில் ஏற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் சுமந்துபோகிற சங்கதி. முப்பது சாமான் இருந்தாலும் ஒரு தரம் பார்ப்பாள். உதடு லேசாக அசையும். அவ்வளவுதான். பேப்பரில் எழுதிக்கொண்டு போகலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "எதுக்குலே? சந்தைக்கா போறேன்?" என்றாள்.

சீசனில் லிஸ்ட் ஒரு நிலையில் நிற்காது. காலையில் ஒரு ஊர் ஆர்டர், மத்தியானம் இன்னொரு ஊர் ஆர்டர். சக்கரம் தீர்ந்துவிட்டது, அதற்குப் பதில் பென்சில் போடு என்பார்கள். கணக்குப்பிள்ளை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து அலுத்துப்போனார். ஆபீஸ் வாசலில் ஒரு பெரிய டிவியை மாட்டி அதில் லிஸ்ட்டைக் காட்டலாம் என்று முதலாளிக்கு ஒரு யோசனை. யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது அக்கா முந்திக்கொண்டிருக்கிறாள். "எந்தம்பி செய்வான் மொதலாளி. பாத்தா ஒண்ணுந் தெரியாதவன் கணக்கா இருப்பான். ஆனா செய்வான்." இந்தச் சிபாரிசோடுதான் எனக்கு அந்த வேலை வந்தது. அதுவரை முகம் தெரியாத வெளியூர்க்காரர்களுக்கே எழுதிக்கொண்டிருந்த நான், முதல்முதலாக எங்கள் ஊரில் எங்கள் எழுத்தில் ஒரு திரை செய்தேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே சும்மா முறைப்பாக வைத்துக்கொண்டேன்.

முப்பது பெயரும் ஒரே திரையில் தெரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு பெயரும் ஒரு வண்ணக் கட்டத்துக்குள், பக்கத்தில் பக்கத்தில். சின்னப் பெயருக்குச் சின்னக் கட்டம், பெரிய பெயருக்குப் பெரிய கட்டம். முதலில் நான் சோம்பேறித்தனமாக எழுத்தை எண்ணிக் கட்டம் போட்டேன். இங்கிலீஷில் சுமாராக ஒப்பேற்றிவிடலாம், தமிழில் நடக்காது. 'கொ' இருக்கிறதே, அது நமக்கு ஒரு எழுத்து. கம்ப்யூட்டர் அதை இரண்டாக வைத்துக்கொள்கிறது. திரையில் அது மூன்று எழுத்து இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துக்கு அது இரண்டு எண்ணும், ஆனால் இடம் ஒன்றுக்குத்தான் வேண்டும். முதல் நாள் திரையைப் பார்த்த அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னலே இது, பூச்சட்டிக்குத் தொளதொளன்னு இருக்கு, அணுகுண்டுக்குப் பிதுங்குது?"

"எளுத்த எண்ணிப் போட்டிருக்கேன்க்கா."

"எண்ணுனா எப்பிடி? ஜாக்கெட் தைக்க வயசக் கேட்டா தைப்பாக? அளந்து பாருலே."

எனக்குக் கோபம் வந்தது. எட்டாவது படித்தவள் சொல்லி நான் கேட்பதா என்று வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அவள் சொன்னபடியே அளந்தேன். அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பலகையில், இன்ன எழுத்து வடிவத்தில், இன்ன உயரத்தில் இந்தப் பெயரை எழுதிப் பார் என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால், அது எழுதிப் பார்த்து இவ்வளவு அகலம் என்று சொல்லும். அந்த அகலத்தோடு இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டுக் கட்டம் போட வேண்டியதுதான். போட்டேன். எல்லாப் பெயரும் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தன. மறுநாள் அக்கா வந்து பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலம் ஒரு பொட்டலம் காரச்சேவு என் மேஜைமேல் இருந்தது.

இது நடந்து மூன்று வாரம் கழித்து முதலாளிக்கு எழுத்து பிடிக்காமல் போயிற்று. எங்கள் ஊரில் இது ஒரு வியாதி. தெருவுக்குத் தெரு அச்சாபீஸ் இருப்பதால், எழுத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. காபி குடிக்க வந்தவர்கூட லேபிளைத் தூக்கிப் பிடித்துக் குறை சொல்லிவிட்டுத்தான் டம்ளரை வைப்பார். எழுத்து குண்டாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் ஊரே ஒரு கட்சி.

"என்ன தம்பி, எளுத்து பட்டினி கெடந்த மாதிரி இருக்கு. நம்ம சாமான் பேரு தடிதடியா இருக்கணும். கேட்லருந்து பாத்தாத் தெரியணும்ல?" என்றார் முதலாளி.

அங்கேயே நின்றபடி லேப்டாப்பைத் திறந்து மாற்றிக் கொடுத்தேன். குண்டு எழுத்து வந்தது. முதலாளிக்கு முகம் மலர்ந்தது. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நான் செய்த காரியத்தை இப்போது சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். திரையில் காட்டுகிற எழுத்தைக் குண்டாக்கினேன். அந்தக் கண்ணுக்குத் தெரியாத பலகையில் அளக்கிற எழுத்தை மாற்ற மறந்துவிட்டேன். அங்கே இன்னமும் பழைய ஒல்லி எழுத்துதான் எழுதி அளக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒல்லி ஆளை அளந்து குண்டு ஆளுக்குச் சட்டை. சின்னப் பெயர்கள் பிழைத்துக்கொண்டன, இரண்டு பக்கமும் விட்டிருந்த இடம் அவற்றுக்குப் போதும். நீளப் பெயருக்குப் போதாது. கட்டத்துக்குள் இடம் போதாவிட்டால் கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். கட்டத்தின் உயரமோ ஒரு வரிக்குத்தான். இறங்கிய சொல் மறைந்துபோகும். பாதி எழுத்து வெட்டுப்பட்டு நின்றிருந்தால்கூட யாராவது பார்த்திருப்பார்கள். இது ஒரு தடயமும் இல்லாமல் சுத்தமாக மறைந்துவிடும். மாட்டிக்கொள்ளுமளவு நீளப் பெயர் எதுவும் பத்து நாளாக ஆர்டரில் வரவில்லை.

பதினோராம் நாள் இரண்டு வந்தன. '15 செ.மீ. கம்பி மத்தாப்பு எலக்ட்ரிக்', '15 செ.மீ. கம்பி மத்தாப்பு கலர்'. இரண்டுமே பெட்டிக்கு ஒரு பாக்கெட். திரையில் இரண்டும் '15 செ.மீ. கம்பி மத்தாப்பு' என்றே நின்றன. சும்மா கம்பி மத்தாப்பு என்றால் எங்கள் பக்கம் எலக்ட்ரிக்தான், வெள்ளையாகப் பொரியுமே அது. கலர் வேண்டுமென்றால் கலர் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அக்கா பார்த்தாள். உதடு அசைந்தது. பெட்டிக்கு இரண்டு எலக்ட்ரிக் என்று உள்ளே போய்ச் சொன்னாள். சில ஊர்க்காரர்கள் ஒரே சாமானை இரண்டு கேட்பது உண்டு, ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு பாக்கெட்டும் ஒரே அளவு, பெட்டியும் கச்சிதமாக மூடியது.

சாயங்காலம் லாரியில் பாதி லோடு ஏறிய பிறகுதான் எலக்ட்ரிக் தீர்ந்துபோய்க் கலர் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். லோடை இறக்கி, ஒட்டிய பெட்டியை எல்லாம் பிரித்து, மாற்றிப் போட வேண்டியதாயிற்று. முதலாளி தன் செல்போனில் அன்றைய லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தார். செல்போனில் கட்டம் கிடையாது, வரிவரியாகப் பெயர் மட்டும் வரும். 'எலக்ட்ரிக்' இருந்தது, 'கலர்' இருந்தது. வாசல் டிவியில் அதற்குள் அடுத்த ஆர்டர் ஏறிவிட்டது. நாளையிலிருந்து லைனுக்கு வேறு பிள்ளை, நீ உட்கார்ந்து பெட்டி போடு என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி நான் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு வீடு தள்ளித்தான் வீடு. அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் அவள்தான் சொன்னாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. முதலாளிமேல் அவளுக்குக் கோபமே இல்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது. சண்டைக்கு அஞ்சுகிறவள் இல்லை அவள்.

"நீ சரியாத்தான் படிச்சிருப்பே," என்றேன்.

"எங்கலே படிச்சேன். கலர்னு மொதலாளி போன்ல இருக்கே, நானே பாத்தேனே. அம்புட்டுப் பெருசா எளுதியிருக்கு, எங்கண்ணுல படல." உரித்த வெங்காயத்தையே திரும்ப எடுத்து உரிக்கப் பார்த்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "அம்மாவுக்கும் இப்பிடித்தானலே ஆரம்பிச்சுச்சு."

எங்கள் அம்மா கடைசி நாலு வருஷம் எல்லாவற்றையும் மறந்துகொண்டே வந்தாள். முதலில் கடைக்குப் போய் என்ன வாங்க வந்தோம் என்பதை மறந்தாள். பிறகு அடுப்பில் வைத்ததை. பிறகு என்னை. கடைசியில் அக்காவைப் பார்த்து, நீ யாரு தாயி, என்னை ஆனைக்குட்டத்துல எங்கய்யா வீட்டுல கொண்டுபோய் விட்டுரு என்று தினமும் கேட்டாள். அக்காதான் வைத்துப் பார்த்தாள். நான் அப்போது பெங்களூரில் இருந்தேன். மாதம் ஒருமுறை வந்து பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவேன். அந்த நாலு வருஷம் என்னவென்று எனக்குத் தெரியாது, அக்காவுக்குத்தான் தெரியும்.

"சும்மா இருக்கா. ஒரு தரம் தப்பாப் படிச்சா அது மறதியா?"

"தப்பாப் படிச்சேன்னு சொல்றியே, அந்தத் திரையில ரெண்டு கட்டமும் ஒண்ணு போலத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. இருக்கிறது கண்ணுக்குத் தெரியாமப் போற வயசா எனக்கு?"

அவள் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் என் மண்டைக்கு உறைக்கவில்லை. என் திரைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அவள் கண்ணைப் பரிசோதிக்க மதுரைக்கு எப்போது கூட்டிப் போகலாம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை முதலாளி கூப்பிட்டார். புதிதாக லைனில் நிற்கிற பிள்ளைக்கு மனப்பாடம் வராதாம், திரையில் இருப்பதை அப்படியே பேப்பரில் எடுக்கிற மாதிரி செய்து கொடுக்க வேண்டுமாம். கம்பெனிக்குப் போனேன். சோதித்துப் பார்க்க ஒரு லிஸ்ட் வேண்டும். கைக்கு வந்தது முந்தின நாள் லிஸ்ட். அதை வாசல் டிவியில் ஏற்றினேன். கட்டங்கள் வந்தன. ஊசி வெடி. பென்சில். சாட்டை. 15 செ.மீ. கம்பி மத்தாப்பு. 15 செ.மீ. கம்பி மத்தாப்பு.

ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை, பார்த்த கணமே தெரிந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து, அளக்கிற இடத்திலும் குண்டு எழுத்தை வைத்தேன். ஒரே ஒரு வரி. இரண்டு கட்டமும் வலப்பக்கம் நீண்டு கொடுத்தன. 'எலக்ட்ரிக்' வந்தது. 'கலர்' வந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதலாளி உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சரி, இனி இந்தத் தப்பு வராது, அது போதும் என்று எனக்குத் தோன்றியது. வேறு இரண்டு கம்பெனிக்காரர்கள் இதே மாதிரித் திரை கேட்டிருந்தார்கள். ஒரு லோடையே இறக்க வைத்த ஆள் என்று பெயர் வந்தால் இந்த ஊரில் எவன் என்னிடம் வருவான். அக்காவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், வீட்டுக்குள் இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். அக்காவும் வந்தாள். எப்போதும் நடுவில் உட்கார்ந்து, யார் வீட்டுக் குழம்பு என்னவென்று எல்லார் டப்பாவிலும் கை வைப்பவள், அன்று ஓரமாக உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. அன்றைய லிஸ்ட் அவளுக்கு வேண்டியதில்லை, அது இப்போது வேறொருத்தி பாடு. ஆனாலும் அதைச் சொல்லிப் பார்க்கிறாள். பாதியில் நின்று, தலையை ஆட்டிக்கொண்டு, விரலை விரித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இருக்கிறதா, போய்விட்டதா என்று தன் தலைக்குள் தானே தேடிக்கொண்டிருந்தாள். சீ, நான் என்ன மனுஷன் என்று இருந்தது.

உள்ளே போய் முதலாளியைக் கையைப் பிடிக்காத குறையாக வாசலுக்கு அழைத்து வந்தேன். பிறகு லேப்டாப்பை வெளியே எடுத்து, நான் சரிசெய்த அந்த ஒரு வரியைப் பழையபடி தப்பாக்கினேன். நேற்றைய லிஸ்ட் இன்னும் நின்றுகொண்டிருந்த டிவியில் 'எலக்ட்ரிக்' மறைந்தது, 'கலர்' மறைந்தது.

"யக்கா, இங்கன வா," என்று கூப்பிட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ, மரத்தடியே திரும்பிப் பார்த்தது. அக்கா எழுந்து வந்தாள். "இதப் படி."

அவள் முதலாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பரீட்சை வைக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். "ஊசி வெடி... பென்சிலு... சாட்டை... பதினஞ்சு கம்பி மத்தாப்பு." நின்றாள். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு மறுபடியும் பதினஞ்சு கம்பி மத்தாப்புன்னுதான் தெரியுது."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது," என்றேன். "மொதலாளி, உங்களுக்கு?"

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். நான் அந்த வரியைச் சரியாக்கினேன். கட்டம் இரண்டும் நீண்டன. மறைந்திருந்த சொற்கள் வந்து உட்கார்ந்தன.

"எளுத்தக் குண்டாக்குனப்போ அளவை மாத்த மறந்துட்டேன் மொதலாளி. நேத்து இந்த டிவியில கலரும் இல்ல, எலக்ட்ரிக்கும் இல்ல. இருந்ததத்தான் அக்கா படிச்சா. லோடு இறங்குனது என்னாலதான்."

முதலாளி, குண்டு எழுத்து கேட்டது நான்தானே என்று வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகு அக்காவிடம் திரும்பி, "நீயே லைன்ல நில்லு தாயி," என்றார்.

அக்கா டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை நீட்டி, 'கலர்' என்ற சொல் இருந்த இடத்தைத் தொட்டாள்.

"நேத்தும் இது இல்லையால?"

"இல்லக்கா."

"நெசமா?"

"நெசமாக்கா. நான்தான்..."

நான் முடிக்கவில்லை. என் தோளில் பளீரென்று ஒன்று விழுந்தது. பொறுக்கிப் பயலே, நாசமாப் போறவனே என்று வாய்க்கு வந்தபடி வைதாள். வையும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மரத்தடியில் இருந்தவர்கள் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார்கள். பிறகு அடித்த அதே தோளைப் பிடித்துக்கொண்டு, பச்சைப்பிள்ளை கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையால?"

"ஒண்ணுமில்லக்கா."

லைன் அவளுக்குத்தான் என்று முதலாளி இரண்டாவது தரமும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தரம் அது அவள் காதிலேயே விழவில்லை.